ஆறு நிலைகளும் ஒரு கையும்: பிரான்சுவா ரப்பாத்தின் டபுள் பேஸ் பயிற்சிமுறை

ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் நின்று அடித்தளம் போடும் கருவி என்றே டபுள் பேஸ் நெடுங்காலம் கருதப்பட்டது. அதை மேடையின் முன்பகுதிக்குக் கொண்டுவந்தவர்களில் பிரான்சுவா ரப்பாத் முக்கியமானவர். தனிக் கலைஞராக அவருடைய மேதைமை ஐயத்துக்கு இடமில்லாதது. ஆசிரியராக அவர் வகுத்த முறையைத்தான் நிதானமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

1931இல் சிரியாவின் அலெப்போவில் பிறந்த ரப்பாத்துக்குக் குரு என்று யாரும் வாய்க்கவில்லை. 13 வயதில் அண்ணனின் கருவி கைக்கு வந்தது. பெய்ரூத்தில் ஒரு தையல் கடையில் கண்டெடுத்த, பிரெஞ்சு டபுள் பேஸ் ஆசிரியர் எதுவார் நானியின் பயிற்சி நூலே பாடமானது. அப்போது அவருக்குப் பிரெஞ்சும் தெரியாது, இசைக்குறிப்பும் சரியாகப் படிக்க வராது. நானியைத் தேடி 1955இல் பாரிஸுக்குப் போனபோது அவர் உயிருடன் இல்லை. பிறகு ஷார்ல் அஸ்னவூர், ஜாக் பிரெல் போன்ற பாடகர்களுக்குப் பக்கம் வாசித்தார். 1960களில் தனி இசைத்தட்டு வெளியிட்டார். 1980 முதல் 1995 வரை பாரிஸ் ஓப்பராவின் இசைக்குழுவில் இருந்தார். தன் கையையும் காதையும் நம்பியே வளர்ந்தவர் என்பதால், அவருடைய முறையின் பலமும் பலவீனமும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

அவருக்கு முன் கோலோச்சியது வியன்னாவில் கற்பித்த ஃபிரான்ட்ஸ் சிமாண்டலின் முறை. டபுள் பேஸின் தந்தி சுமார் 105 செ.மீ. நீளமானது. கீழ்ப்பகுதியில் ஒரு முழுச்சுரத்தைப் பிடிக்கவே முதல் விரலுக்கும் நான்காம் விரலுக்கும் இடையே பத்து, பதினொரு செ.மீ. விரிய வேண்டும். அதனால் சிமாண்டல் கையை ஒரு சட்டம்போல இறுக்கி, அரைச்சுரம் அரைச்சுரமாக நகர்த்தச் சொன்னார். பிடி உறுதியாக இருக்கும்; ஆனால் வேகமான பகுதிகளில் கை ஓயாமல் இடம் மாற வேண்டியிருக்கும்.

ரப்பாத் விரல்பலகை முழுவதையும் ஆறே நிலைகளாகப் பிரித்தார். தந்தியில் இயற்கை ஒத்திசைகள் பிறக்கும் புள்ளிகளே அவருக்கு எல்லைக்கற்கள். ஒரு நிலைக்குள் கட்டைவிரல் இருந்த இடத்திலேயே இருக்கும். கை மட்டும் அதை அச்சாகக் கொண்டு முன்னும் பின்னும் சாயும். பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி மூன்றாம் அசைவின் நடுப்பகுதியில் பேஸ்கள் பாய்ந்தோடும் வரிகளை இப்படி வாசித்துப் பார்த்தால், இடமாற்றங்கள் கணிசமாகக் குறைவது கையிலேயே தெரியும். கருவியின் உச்சிப் பகுதி மாணவனுக்குப் பல ஆண்டுப் பயிற்சிக்குப் பின் கிட்டும் பரிசாக இல்லாமல், தொடக்கத்திலேயே பழகிய இடமாகிவிடுகிறது. அமெரிக்க ஆசிரியர் ஜார்ஜ் வான்ஸ் இதே அடிப்படையில் சிறுவர்களுக்கான பாடநூல்களை உருவாக்கினார். ரப்பாத்தின் மாணவர் ரெனோ கார்சியா-ஃபோன்ஸ் போன்றோரின் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு இந்தச் சுதந்திரத்தின் மதிப்பு புரியும்.

குறைகளும் இதே இடத்தில்தான் உள்ளன. கை சாயும்போது விரல் தந்தியைத் தொடும் கோணம் மாறுகிறது. அதனால் நாதம் மெலியலாம், சுருதி வழுக்கலாம். தடித்த கீழ்த்தந்தியில், குழுவோடு உரத்து வாசிக்கும்போது இந்த ஆபத்து கூடுகிறது. ரப்பாத் தன் கூர்ந்த காதால் அதை நொடியில் சரிசெய்துகொள்வார். அந்தக் காது இன்னும் முதிராத மாணவனுக்கோ சிமாண்டலின் சட்டம்தான் பாதுகாப்பு.

இரண்டாவது குறை, நூலின் வடிவம். 1970களின் இறுதியிலிருந்து வெளிவந்த அவருடைய பயிற்சித் தொகுதிகளில் சுரங்களும் விரலெண்களும் நிறைய உண்டு. உடலை எப்படி வைத்துக்கொள்வது என்பதை ஆசிரியர் பக்கத்தில் நின்று காட்டினால்தான் விளங்கும். வில் வீச்சையும் இடக்கை அசைவையும் விளக்கும் காணொளிகள் பிற்பாடு வந்து இந்த இடைவெளியை ஓரளவு அடைத்தன. ஆனாலும் குருவின் தனிப்பட்ட பாணியை முறையின் விதியாக எடுத்துக்கொள்ளும் மயக்கம் சீடர்களிடம் ஏற்பட இன்னும் இடமிருக்கிறது.

மூன்றாவது, இசைப்படைப்புகள் சார்ந்தது. அவர் தாமே எழுதியவையும், அவருக்காக ஃபிராங்க் ப்ரோட்டோ எழுதியவையும் டபுள் பேஸுக்குக் கிடைத்த பெரும் சொத்து. ஆனால் ஆர்க்கெஸ்ட்ராவில் வேலை தேடும் மாணவன் தேர்வறையில் வாசிக்க வேண்டியது பீத்தோவனும் மோட்சார்ட்டும் ஸ்ட்ராஸும்தான். வேலை கிடைத்த பிறகும் வரிசையிலுள்ள மற்றவர்களோடு சுருதியும் வில்லும் ஒன்றிப்போவதே முதல் தகுதி. தனிக்குரலை வளர்ப்பதில் ஊன்றிய முறை இதற்குத் தனிக் கவனம் ஒதுக்கியாக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் என் தராசு ரப்பாத்தின் பக்கமே சாய்கிறது. அவருடைய முறையின் குறைகள் நல்ல ஆசிரியரால் திருத்தக்கூடியவை. தொடக்கத்திலேயே கையை இறுக்கிவிட்டால் அதைத் தளர்த்துவதற்குப் படும் பாடு அதைவிடப் பெரிது. எனவே ரப்பாத்தின் ஆறு நிலைகளில் தொடங்குவது நல்லது. கீழ்ப்பகுதிச் சுருதி கெட்டிப்பட, கூடவே சிமாண்டலின் பாடங்களையும் நாள்தோறும் மெதுவாக வாசிக்க வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் வேதமாக்கும் ஆசிரியர், மாணவனுக்குப் பாதிக் கருவியைத்தான் கொடுக்கிறார்.