ஜூலியாவை ஏன் காட்டினார்கள்?

1998இல் வந்த 'கௌபாய் பீபாப்' அனிமேயில் 26 அத்தியாயங்கள். ஸ்பைக் மறக்க முடியாமல் சுமக்கும் ஜூலியா, அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தலைகாட்டுவாள். அவளைப் பற்றி நமக்கு அதிகம் தெரியாததால்தான் அவனுடைய இழப்பில் நாமும் போய் உட்கார முடிந்தது.

2021இல் நடிகர்களை வைத்து நெட்ஃபிளிக்ஸ் எடுத்த தொடர் அந்த வெற்றிடத்தை நிரப்பியது. ஜூலியாவுக்கும் விஷியஸுக்கும் வீடு, சண்டை, சதி எல்லாம் உண்டு. கடைசியில் அவளே ஸ்பைக்கைச் சுடுகிறாள். அவளுக்கும் ஒரு கதை இருக்கட்டும்னு நினைச்சது தப்பில்லை. கிடைச்சதென்னவோ ஏற்கெனவே நூறு தடவை பார்த்த கேங்ஸ்டர் கதைதான்.

இத்தனைக்கும் ஜான் சோ நல்லாவே நடிச்சிருக்கார். இசை அதே யோகோ கன்னோ. ஸ்பைக்கின் நீல சூட்கூட அப்படியே இருக்கு. சூட்டை நகலெடுத்தவர்களுக்கு அந்த மௌனத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. வெளியான மூன்றே வாரத்தில் தொடரை நிறுத்திவிட்டார்கள்.