சும்மா இருக்கும் கேமரா

உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தை ஒரு தடவை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். காதுகுத்து இருக்கும். கல்யாணம் இருக்கும். மகாபலிபுரத்தில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு வரிசையாக நிற்கும் குடும்பம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா பனியனோடு பேப்பர் படித்தது இருக்காது. அம்மா முறத்தில் அரிசி புடைத்தது இருக்காது. முப்பது வருஷம் தினமும் நடந்த எதுவும் ஃபிலிமில் விழவில்லை. அது படமெடுக்க வேண்டிய சமாசாரம் என்று யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதே குறை, பாதி உலகத்தைப் படமெடுத்த ஒருத்தருக்கும் உண்டு. ரேமோன் தெபார்தோன். பிரெஞ்சுக்காரர். லியோன் நகருக்கு வடக்கே வில்ஃப்ராஞ்ச் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் 1942-ல் பிறந்தவர். 12 வயசில் பண்ணையில் படமெடுக்க ஆரம்பித்து, 16 வயசில் பாரிஸுக்கு ரயிலேறினார். சினிமா நடிகைகள், அரசியல்வாதிகள், அப்புறம் யுத்தங்கள். 1966-ல் நண்பர்களோடு சேர்ந்து 'காமா' என்ற புகைப்பட நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனத்தில் இருந்த ஜில் காரோன் 1970-ல் கம்போடியாவில் காணாமல் போனவர் திரும்பவே இல்லை. 1978-ல் தெபார்தோன் 'மாக்னம்' அமைப்புக்குப் போனார். கூடவே டாக்குமெண்டரி. பெரும்பாலும் கேமராவை அவரே பிடிப்பார். ஒலிப்பதிவுக்கு 80-களின் பிற்பகுதியிலிருந்து மனைவி க்ளோதீன் நூகாரே.

அல்ஜீரியா, சாட், சிலி, லெபனான் என்று அலைந்தவர், அப்பா இருந்தபோது சொந்தப் பண்ணையை எடுத்தது போதாது என்று பிற்பாடு வருத்தப்பட்டிருக்கிறார். 1995-ல் அந்தப் பண்ணையைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். அவருடைய பின்பாதி வாழ்க்கை முழுக்க இந்தக் கடனை அடைக்கிற வேலைதான் என்று எனக்குப் படுகிறது.

புகைப்படத்தில் 'அந்த ஒரு கணம்' என்று ஒரு சித்தாந்தம் உண்டு. மாக்னத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிறவனின் குதிகால் தரையைத் தொடுவதற்கு முந்தைய நொடியில் க்ளிக். அதே மாக்னத்தில் இருந்துகொண்டு தெபார்தோன் 1993-ல் நேர் எதிராக ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றுமே நடக்காத, தொய்ந்துபோன நேரத்தையும் எடுக்கலாமே என்று.

'இது சோம்பேறித்தனம் இல்லையா சார்?' என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். பதிலுக்கு ஒரே பெண்ணைப் பற்றிய இரண்டு படங்களைப் பார்க்க வேண்டும்.

ஃப்ரான்ஸ்வாஸ் க்ளோஸ்த்ர் ஒரு தொல்லியல் ஆய்வாளர். 1974 ஏப்ரலில் சாட் நாட்டின் வடக்குப் பாலைவனத்தில் கிளர்ச்சிக்காரர்கள் அவரைப் பிடித்துவைத்தார்கள். தெபார்தோன் அங்கே போய்ப் பேட்டி எடுத்தார். 1975-ல் அது டி.வி.யில் வந்தது. கேமரா முன் அந்தப் பெண் உடைந்து அழ, பிரான்ஸே அதிர்ந்தது. ஆனாலும் விடுதலையானது 1977 ஜனவரியில்தான். அந்தக் கண்ணீர் ஒரு கணம். அதற்கு முன்னும் பின்னும் இரண்டே முக்கால் வருஷம் காத்திருப்பு. அது எந்தப் பேட்டியிலும் அடங்காது.

15 வருஷம் கழித்து, 1990-ல், அதே கதையை 'பாலைவனக் கைதி' என்ற கதைப்படமாக எடுத்தார். சாந்த்ரீன் போனேர் நடித்தது. இதில் அழுகை பெரிசில்லை. நடக்கிறாள், உட்காருகிறாள், மணலைப் பார்க்கிறாள். நமக்கே 'எப்பப்பா முடியும்' என்று ஆகிவிடுகிறது. சிறை என்றால் அதுதானே! ஆனால் ஒன்று. பாலைவனம் அநியாயத்துக்கு அழகாக இருக்கிறது. பல இடங்களில் கைதியை மறந்துவிட்டு மணல்மேட்டை ரசித்துக்கொண்டிருந்தேன். அது என் குற்றம் மட்டும் இல்லை.

அழகு கைக்கு எட்டாத இடத்தில்தான் அவர் ஜெயிக்கிறார். 1994-ல் வந்த 'கையும் களவும்' படத்தைப் பாருங்கள். பாரிஸ் நீதிமன்றத்தில் ஒரு சின்ன அறை. மேஜைக்கு இந்தப் பக்கம் அரசுத் தரப்பு வக்கீல், அந்தப் பக்கம் போலீஸ் கூட்டிவந்த ஆசாமி. கேமரா பக்கவாட்டில் ஸ்டாண்டில் நிற்கிறது. இசை கிடையாது, வர்ணனை கிடையாது, முகத்தை நோக்கிப் பாய்வதும் கிடையாது. இரண்டு பேருக்கும் திரையில் சரிசமமான இடம். அறையில் இல்லாத சமத்துவத்தை கேமரா தருகிறது. தப்பு செய்தவர் வார்த்தை தேடித் தடுமாறும் இடைவெளியில்தான் அவர் யாரென்று நமக்குத் தெரிகிறது. வெட்டியிருந்தால் தெரிந்திருக்காது.

கடன் அடைபடுவது 'நவீன வாழ்க்கை' (2008) படத்தில். தெற்கு பிரான்சின் செவென் மலைப்பகுதி விவசாயிகளைப் பற்றிய மூன்று படங்களில் கடைசி. வளைந்து போகும் சாலை, அதன் முடிவில் ஒரு வீடு, சமையலறை மேஜை, காப்பி. 80 தாண்டிய அண்ணன் தம்பி இரண்டு பேர் இன்னும் ஆடு மேய்க்கிறார்கள். தெபார்தோன் கேள்வி கேட்கிறார். பதில் வர நேரமாகிறது. சிலசமயம் வருவதே இல்லை. கேமரா காத்திருக்கிறது. இந்த மௌனம் நமக்குத் தெரிந்ததுதான். 'என்னப்பா, எப்படி இருக்கே?' என்று ஊருக்குப் போய்க் கேட்டால், 'ம்... இருக்கேன்' என்று சொல்லிவிட்டு முற்றத்தைப் பார்ப்பார்களே, அது. அப்பாவிடம் கேட்காமல் விட்டதையெல்லாம் யாரோ பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

எனக்கு ஒரு நெருடல் உண்டு. '12 நாட்கள்' (2017). பிரான்சில் 2013-லிருந்து ஒரு நடைமுறை. சம்மதம் இல்லாமல் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரை 12 நாளுக்குள் ஒரு நீதிபதி பார்க்க வேண்டும். லியோனில் அந்தச் சந்திப்புகளைப் படமாக்கினார். பெயர்களை மாற்றியிருக்கிறார். கண்ணியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் மனசு கலங்கி நிற்கும் ஒருவர், 'வீட்டுக்குப் போகணும்' என்று கேட்பதை நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்க்கலாமா? படம் முடிந்தால் நான் எழுந்து சாப்பிடப் போவேன். அவர் வார்டுக்குத் திரும்பிப் போவார். பொறுமையான கேமரா என்பதால் அது நிரபராதி ஆகிவிடாது. பார்க்காவிட்டால், கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது என்பதும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் நான் இன்னும் நிற்கிறேன்.

அவர் படங்கள் கிடைத்தால் 'நவீன வாழ்க்கை'யில் ஆரம்பியுங்கள். முதல் 20 நிமிஷம் போரடிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள்.

அதுவரைக்கும் ஒரு வேலை. உங்கள் செல்போனில் குறைந்தது 2,000 படம் இருக்கும். அதில் அப்பா சும்மா உட்கார்ந்திருக்கிற படம் ஒன்றாவது இருக்கிறதா, தேடிப் பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே ஒன்று எடுங்கள். 'கொஞ்சம் சிரிப்பா' என்று மட்டும் சொல்லாதீர்கள்.