கண்ணாடிக் கழிப்பறையும் கைக்கண்ணாடியும்

டோக்கியோவின் கண்ணாடிக் கழிப்பறை வீடியோ உங்கள் வாட்ஸப்புக்கும் ஒரு தடவையாவது வந்திருக்கும். ஷிபுயா வட்டாரத்தில் ஒரு சின்னப் பூங்கா, அதில் வண்ண வண்ணமாய்க் கண்ணாடி அறைகள். ஆள் இல்லாதபோது உள்ளே இருப்பதெல்லாம் தெருவிலிருந்தே தெரியும். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும் சுவர் மங்கி மறைத்துவிடும். 2020இல் திறந்தார்கள். வடிவமைத்தவர் ஷிகெரு பான், பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற கட்டடக்கலைஞர். பொதுக் கழிப்பறைக்குள் நுழையப் போகிறவருக்கு இரண்டு பயம்: உள்ளே சுத்தமாக இருக்குமா, யாராவது ஒளிந்திருப்பார்களா. கதவைத் தொடும் முன்பே இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடுகிறது என்பதுதான் இந்த வடிவமைப்பின் வாதம்.

வாதம் சரிதான், சும்மா சொல்லக்கூடாது. ஆனால் கண்ணாடி சுத்தத்தைக் காட்டும், சுத்தத்தை உண்டாக்காது. அழுக்காக இருந்தால் அழுக்கைத்தான் காட்டும். அது பெருமைக்குரிய காட்சியாக இருக்கிறதென்றால், சற்றுமுன் ஒருவர் வந்து கழுவிவிட்டுப் போயிருக்கிறார் என்று அர்த்தம். அந்த வீடியோக்களில் அவர் இல்லை. குளிர்காலத்தில் கண்ணாடி மங்குவதற்கு நேரம் பிடித்ததால், ஓரிடத்தில் எப்போதும் மங்கலாகவே இருக்கும்படி விட்டுவிட்ட செய்தியும் பின்னால் வந்தது. தொழில்நுட்பம் நின்றுபோனபோதும் கழிப்பறை கழிப்பறையாக ஓடிக்கொண்டுதான் இருந்தது.

இந்தக் கண்ணாடி அறைகள் 'தி டோக்கியோ டாய்லெட்' என்ற திட்டத்தின் ஒரு பகுதி. நிப்பான் ஃபவுண்டேஷன் பணத்தில் ஷிபுயாவில் 17 இடங்கள், 16 வடிவமைப்பாளர்கள். டடாவோ ஆண்டோ, டோயோ இட்டோ, கெங்கோ கூமா என்று பெரிய பெயர்கள். 2023இல் எல்லாம் முடிந்தது. அதே ஆண்டு விம் வெண்டர்ஸ் இயக்கிய 'பெர்ஃபெக்ட் டேஸ்' வந்தது. கான் விழாவில் கோஜி யாகுஷோவுக்குச் சிறந்த நடிகர் விருது. இந்தக் கழிப்பறைகளைப் பற்றிக் குறும்படங்கள் எடுக்கத்தான் வெண்டர்ஸை முதலில் அழைத்தார்கள், அது வளர்ந்து முழுநீளப் படமானது. திட்டத்துக்கான விளம்பரத்தில் பிறந்த படம் என்பதை மறக்காமல் பார்ப்பது நல்லது.

அப்படிப் பார்த்தாலும் அதில் எனக்குப் பிடித்த ஒரு பொருள் இருக்கிறது. நாயகன் ஹிராயமா கழிப்பறை கழுவுபவர். கோப்பையின் அடிப்பக்கம் சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சின்னக் கைக்கண்ணாடியை நீட்டிப் பார்ப்பார். குனிந்தாலும் தெரியாத இடம் அது. வரைபடத்திலும் தெரியாது, பரிசுக்குழு பார்க்கும் புகைப்படத்திலும் தெரியாது. கழிப்பறை வடிவமைப்பு விமர்சனம் என்று ஒன்று இருந்தால் அது அந்தக் கண்ணாடியிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பேன். கூமா, நாபெஷிமா ஷோட்டோ பூங்காவில் 240 தேவதாருப் பலகைகளைச் சாய்த்துச் சாய்த்து அடித்துக் காட்டுப்பாதை மாதிரி ஒன்றைக் கட்டியிருக்கிறார். அழகுதான். என் கேள்வி, அந்த 240 பலகைகளின் இடுக்குகளை யார், எதைக்கொண்டு, எவ்வளவு நேரம் துடைப்பது?

ஏதோ வம்புக்குக் கேட்பதாக நினைக்கவேண்டாம். கழுவுபவர் இல்லாமலே சமாளித்துவிடலாம் என்று நம்பிய ஒரு நகரத்தின் கதை இருக்கிறது. அமெரிக்காவின் சியாட்டில், 2004இல் தானாகவே கழுவிக்கொள்ளும் ஐந்து கழிப்பறைகளை நிறுவியது. மொத்தச் செலவு சுமார் 50 லட்சம் டாலர். ஒருவர் வெளியே வந்ததும் இயந்திரமே உள்ளே கழுவிவிடும், மனிதக் கை படவேண்டாம். நடந்தது வேறு. தரையில் சேர்ந்த குப்பையில் தானியங்கித் தேய்ப்பான்களை நிறுத்தவேண்டி வந்தது. உள்ளே போதைப்பழக்கமும் பாலியல் தொழிலும் நடப்பதாகப் புகார்கள். 2008இல் ஐந்தையும் இபேயில் ஏலம் விட்டார்கள். கிடைத்தது ஐந்துக்கும் சேர்த்துப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் டாலர்.

இயந்திரம் மோசம் என்பதல்ல என் கட்சி. அதற்கு வைத்த கணக்குதான் தப்பு. மூடிய கதவு, கனத்த சுவர், பக்கத்தில் ஆளே கிடையாது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவுக்குத் தெரியாது, தெருவில் யார் நிற்கிறார்கள் என்று உள்ளே இருப்பவருக்கும் தெரியாது. ஒரு பொது இடத்தை யாருடைய பொறுப்பிலும் விடாமல் மென்பொருள் பொறுப்பில் விட்டால் இப்படித்தான் ஆகும்.

சியாட்டில் ஏலம் விட்ட அதே 2008இல், தெற்கே மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் போர்ட்லாந்து வேறு மாதிரி ஒன்றைச் செய்தது. 'போர்ட்லாந்து லூ' என்று பெயர். பார்க்க ஒன்றும் இல்லை, நடைபாதையில் நிறுத்திய ஒரு எஃகுக் கூண்டு. ஆனால் அதன் ஒவ்வொரு அங்கமும் ஒரு முடிவு. சுவரின் அடியிலும் மேலேயும் சாய்வுப் பட்டைகள். அடியில் கால் தெரியும், அதற்கு மேல் தெரியாது. உள்ளே ஒருவரா இருவரா, நிற்கிறாரா விழுந்து கிடக்கிறாரா என்று வழியில் போகிறவர் அறியலாம். கை கழுவும் குழாய் வெளியே. முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. வந்த வேலையை முடித்துக்கொண்டு போ என்பதுதான் சேதி. கிறுக்கினால் எளிதில் துடைத்துவிடலாம். பின்புறம் ஒரு சின்ன அலமாரி, அதற்குள் ரப்பர் குழாய். கழுவ வருபவர் அதை இழுத்து உள்ளே பீய்ச்சியடித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகலாம்.

அந்த அலமாரிதான் என்னைக் கவர்ந்தது. கழுவ ஒருவர் வருவார் என்று முன்கூட்டியே நினைத்து, அவருக்கு வேண்டியதைச் சுவருக்குள் வைத்துக் கட்டிய கழிப்பறை. விலை ஒன்றும் குறைச்சலாக இருக்கவில்லை, பொருத்தும் செலவைச் சேர்க்காமலே ஒன்று 90,000 டாலர் வாக்கில் இருந்தது. ஆனாலும் அது வேறு ஊர்களுக்கும் பரவியது.

குறை இல்லாமல் இல்லை. லூவின் மனதில் இருப்பது சந்தேகம். வருகிறவன் தப்பு செய்வான் என்று வைத்துக்கொண்டு வரைந்த வரைபடம் அது. பட்டை வழியே கால் தெரியும் என்றால் சத்தமும் வெளியே கேட்கும். இதில் யார் கூச்சப்பட்டுத் திரும்பிப் போவார்கள் என்று சொல்லவும் வேண்டுமா? ஜப்பானில் டோட்டோ நிறுவனம் 1988இலேயே 'ஓட்டோஹிமே' என்ற கருவியைக் கொண்டுவந்தது. பெண்கள் சத்தத்தை மறைக்க வீணாகத் தண்ணீர் திறந்துவிடுகிறார்கள் என்பதால், தண்ணீர் ஓடும் ஒலியை மட்டும் எழுப்பும் கருவி. போர்ட்லாந்தில் அதைப் பற்றி யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. குழாயை வெளியே வைத்ததும் அப்படித்தான். மாதவிடாய் நாளில் கையில் கறையோடு வெளியே வந்து நடைபாதையில் நின்று கழுவவேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பழகிய நம்மவர்கள் அதற்குள் போனால் என்ன செய்வார்கள் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டாம்.

ஷிபுயாவும் இதில் தப்பவில்லை. 2023இல் திறந்த ஹட்டகாயா கழிப்பறையில் ஆண்களுக்குச் சிறுநீர்த் தொட்டிகள் உண்டு, இருபாலருக்கும் பொதுவாக இரண்டு அறைகள் உண்டு, பெண்களுக்கென்று மட்டும் அறை இல்லை. சமூக ஊடகங்களில் பெரிய சண்டை. எல்லாருக்கும் பொது என்பது நல்ல கொள்கைதான், ஆனால் ஆணுக்குத் தனி, மிச்சம் எல்லாருக்கும் என்று கணக்கு முடிந்தால் அதில் என்ன பொது?

சந்தேகம் இல்லாமல் பாதுகாப்பு வர வழி உண்டா? சான்பிரான்சிஸ்கோவில் 2014இல் டெண்டர்லாயின் பகுதியில் 'பிட் ஸ்டாப்' என்று தொடங்கினார்கள். வீடற்றவர்கள் நிறைந்த பகுதி. புதிய கட்டடக்கலை எதுவும் அதில் இல்லை. சம்பளத்துக்கு ஒருவர் கழிப்பறை வாசலில் இருப்பார், அவ்வளவுதான். வருகிறவரைப் பார்த்துக்கொள்வார், வெளியே வந்ததும் உள்ளே சரிபார்ப்பார். அந்தப் பணியாளர்களில் சிறைக்குப் போய்த் திரும்பியவர்கள் பலர். கால் தெரியும் பட்டையும் மங்கும் கண்ணாடியும் செய்ய முயன்றதை ஒரு நாற்காலியும் ஒரு மனிதரும் செய்கிறார்கள். அதே நகரம்தான் 2022இல் நோ வேலியில் ஒரே ஒரு அறை கொண்ட கழிப்பறைக்கு 17 லட்சம் டாலர் என்று கணக்குக் காட்டி உலகம் முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்தது. வாசலில் நிற்பவரின் சம்பளத்தை வெட்டிவிட்டுக் கட்டடத்துக்குக் கொட்டுவதில் எந்த நகராட்சிக்கும் கூச்சம் இருப்பதில்லை. திறப்புவிழாவுக்குக் கட்டடம் வேண்டும், சம்பளப் பட்டியலுக்கு யார் ரிப்பன் வெட்டுவது?

'பெர்ஃபெக்ட் டேஸ்' பார்த்துவிட்டு நம் பக்கம் பலரும் எழுதினார்கள். தியானம், எளிமை, நிறைவு. தமிழில் எழுதுபவர் இந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது 2017இல் திவ்யா பாரதி எடுத்த 'கக்கூஸ்' ஆவணப்படம் ஒரு நிமிடமாவது நினைவுக்கு வரவேண்டாமா? அங்கே கையில் கண்ணாடி இல்லை, கையுறையே இல்லை. அந்த வேலை ஒரு சாதியின் தலையில் கட்டப்பட்டது, தேர்ந்தெடுத்துக்கொண்ட எளிமை அல்ல. ஹிராயமாவின் அமைதியை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. வெண்டர்ஸின் கேமராவில் மலம் என்ற பொருளே கிட்டத்தட்ட இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

ஆனால் அந்தப் படமே தன் தியானத்தைக் கலைத்துக்கொள்ளும் ஒரு இடம் உண்டு, பாராட்டியவர்கள் அதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விட்டார்கள். கூட வேலை செய்யும் பையன் திடீரென்று வேலையை விட்டுவிடுகிறான். அவன் பங்கையும் சேர்த்துக் கழுவிவிட்டு, இரவாகிக் களைத்துப்போன ஹிராயமா, படம் முழுக்கப் பேசாத அந்த மனிதர், அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்துகிறார். தினமும் இப்படி என்னால் முடியாது, ஆள் அனுப்புங்கள் என்று. அடுத்து புது ஆள் ஒருவர் வேலைக்கு வந்து நிற்கிறார்.