ஹன்னஸ் மையரும் கட்டடக்கலைக் கல்வியும்

1938ஆம் ஆண்டு நியூயோர்க்கிலுள்ள நவீன கலைக் காட்சியகம் ஜேர்மனியின் பௌஹவுஸ் கல்லூரியைப் பற்றிக் கண்காட்சியொன்றை நடத்தி, நூலொன்றையும் வெளியிட்டது. நூலின் பெயர் 'பௌஹவுஸ் 1919–1928'. அக்கல்லூரி 1933 வரை இயங்கியதென்பதை அறிந்தவர் இத்தலைப்பின் முன் சற்று நின்றுவிடுவர். எஞ்சிய ஐந்தாண்டுகள் எங்கே போயின? பதிப்பாசிரியர்களுள் ஒருவர் கல்லூரியின் தாபகரான வோல்டர் குரோப்பியஸ். அவர் அதிபர் பதவியைத் துறந்த ஆண்டு 1928. பிற்காலத்துச் சான்றுகளைத் திரட்டுதல் கடினமாயிருந்திருக்கலாம், அதை மறுப்பதற்கில்லை. ஆயினும் விடுபட்ட அவ்வாண்டுகளிலேதான் அக்கல்லூரியின் கட்டடக்கலைக் கல்வி உண்மையில் உருப்பெற்றது என்பதே நாம் கவனிக்கவேண்டிய செய்தி.

கலைகள் யாவும் இறுதியிற் சென்றடைய வேண்டிய இலக்குக் கட்டடமே என்று 1919இல் பிரகடனஞ் செய்த இந்நிறுவனத்தில், 1927 வரை கட்டடக்கலைக்கெனத் தனித்துறை இருக்கவில்லை. ஓவியர்கள் இருந்தனர், நெசவாளர் இருந்தனர், உலோகப் பட்டறை இருந்தது. கட்டட வேலை குரோப்பியஸின் தனிப்பட்ட அலுவலகத்தில் நடந்தது. டெஸாவ் நகரில் 1926இல் திறக்கப்பட்ட கண்ணாடி மாளிகையை உலகமே வியந்தது; அதனுள்ளே கட்டடம் கட்டப் படிப்பிக்கும் வகுப்பைக் காணவில்லை!

சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த ஹன்னஸ் மையர் 1927இல் இத்துறையை ஆரம்பித்தார். மறு ஆண்டு அதிபரானார். அவர் செய்தது பாடத்திட்டத்தில் இரண்டொரு பாடங்களைக் கூட்டியது மாத்திரமன்று. அல்கார் ருடெல்ற் என்ற பொறியியலாளர் கட்டமைப்புக் கணிப்பைக் கற்பித்தார். வெப்பமூட்டல், காற்றோட்டம், வெளிச்சம் என்பன வகுப்பறைக்குள் வந்தன. சூரியக் கதிர் எந்த மாதத்தில் எந்தக் கோணத்தில் அறைக்குள் விழும் என்பதை மாணவர் கணித்தனர். குடும்பமொன்றின் அன்றாட நடமாட்டத்தை வரைபடமாக்கினர். எல்லாவற்றிலும் முக்கியமானது, மேல் வகுப்பினரும் கீழ் வகுப்பினரும் ஒரே குழுவாக நின்று உண்மையான கட்டடங்களில் வேலை செய்தமையாகும். பரீட்சைக்காக வரைந்த படத்தில் தவறு நேர்ந்தால் மதிப்பெண் குறையும். குடியிருப்பவனின் கூரையில் தவறு நேர்ந்தால் மழை உள்ளே வரும். இவ்வேறுபாட்டை அறியாத கல்வி பொறியியற் கல்வியாகாது.

டெஸாவின் ற்றோர்ட்டன் குடியிருப்பில் குரோப்பியஸ் முன்னரே 300க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியிருந்தார். அதே இடத்தில் 1929–30இல் மையரின் துறை மூன்று மாடிகள் கொண்ட ஐந்து தொகுதிகளை எழுப்பியது. மொத்தம் 90 வீடுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 48 சதுர மீற்றர். வெளிப்புற நடைபாதை வழியாக ஒவ்வொரு வீட்டிற்கும் செல்லலாம். செங்கற் சுவர், சிறிய அறை, குறைந்த வாடகை. புகைப்படக்காரருக்கு இதில் அவ்வளவு சுவை இல்லைத்தான். 1929இல் தொழிலகமொன்றுடன் சேர்ந்து வெளியிட்ட மலிவான சுவர்க்காகிதமும் இவ்வாறானதே. கல்லூரிக்கு மிகுந்த வருவாயைத் தந்த பொருள் அதுவென்பதை அழகியல்வாதிகள் நினைவுகூர விரும்புவதில்லை.

ஆனால் மையரைக் குறையின்றி ஏற்றுக்கொள்வதற்கும் இடமில்லை. பயனையும் சிக்கனத்தையும் பெருக்கிவரும் விடையே கட்டடம், கலைக்கு அங்கே வேலையில்லை என்பது அவரது 1928ஆம் ஆண்டு வாதம். இவ்வாதத்தை முறியடித்தவர் அவரே. பேர்லினுக்கு அருகே பேர்ணாவில், 120 தொழிற்சங்க மாணவர்களுக்காக, ஹன்ஸ் விற்வரோடு சேர்ந்து அவர் அமைத்து 1930இல் திறக்கப்பட்ட கல்லூரியைப் பாருங்கள். தங்குமிடங்கள் நிலத்தின் சரிவோடு படிப்படியாக இறங்குகின்றன. அவற்றை இணைக்கும் நடைவழியின் கண்ணாடிச் சுவருக்கு வெளியே மரங்கள். வேலைக்களத்திலிருந்து படிக்க வந்தவன் நடக்கும் வழி இவ்வாறிருக்க வேண்டுமென்று எந்தச் சூத்திரம் கூறியது? மேலும், மனிதனின் வாழ்க்கையை அளப்பதும் அவனிடம் கேட்பதும் ஒன்றல்ல. அளவுகோலை முற்றாக நம்பியவர், தொழிலாளியைச் சில வேளை தேவைகளின் பட்டியலாகவே கண்டுவிட்டார்.

அவரை வீழ்த்தியது இக்குறையன்று. மாணவரிடையே இடதுசாரிக் கருத்துப் பரவியதும், வேலைநிறுத்தஞ் செய்த சுரங்கத் தொழிலாளருக்கு அவர் நிதியுதவி செய்ததும் குற்றமாயின. 1930 ஆகஸ்டில் டெஸாவ் நகரபிதா அவரைப் பதவி நீக்கினார். அடுத்து வந்த மீஸ் வான் டெர் ரோ அரசியல் ஈடுபாடு கொண்ட மாணவர் சிலரை வெளியேற்றிக் கல்லூரியை அமைதிப்படுத்தினார். அமைதி கல்லூரியைக் காப்பாற்றவில்லை. நாஜிகள் பெரும்பான்மை பெற்றிருந்த நகரசபை 1932இல் அதை மூடியது. பேர்லினில் தனியார் கல்லூரியாகத் தொடர்ந்த முயற்சியும் 1933இல் முடிந்தது.

1996இல் வைமாரிலும் டெஸாவிலுமுள்ள பௌஹவுஸ் கட்டடங்கள் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டபோது மையரின் வேலை எதுவும் அதில் இல்லை. பேர்ணாக் கல்லூரியும் ற்றோர்ட்டனின் ஐந்து தொகுதிகளும் 2017இல்தான் சேர்க்கப்பட்டன. மையர் 1954இலேயே இறந்துவிட்டார். அந்தத் தொகுதிகளில் இன்றும் வாடகைக் குடியினர் வாழ்ந்து வருகின்றனர்.