துயரைப் பகிரும் சிரிப்பு
கலஹானின் தவறணைக் கதைகள் பற்றிய ஒரு நோக்கு

நகைச்சுவையும் விஞ்ஞானப் புனைகதையும் விமர்சகரால் ஐயக்கண் கொண்டு நோக்கப்படுவன. முன்னையது வெறும் பொழுதுபோக்கு என்றும், பின்னையது சமூக யதார்த்தத்தினின்று தப்பியோடுவது என்றும் ஒதுக்கப்படுவதுண்டு. இவ்விரண்டும் ஒரு தவறணையின் மேசையிற் சந்திக்கும்போது, குடித்தவர் பேச்சு என்னும் மூன்றாவது குற்றச்சாட்டும் சேர்ந்துகொள்கின்றது. அமெரிக்காவிற் பிறந்து கனடாவிற் குடியேறிய ஸ்பைடர் றொபின்சன் எழுதிய கலஹானின் தவறணைக் கதைகள் இம்மூன்று குற்றச்சாட்டுகளுக்கும் ஒருசேர இலக்காகக் கூடியன. இத்தொடரின் முதற்கதை 1973ஆம் ஆண்டு பெப்ரவரியில் ‘அனலொக்’ என்னும் அமெரிக்க விஞ்ஞானப் புனைகதைச் சஞ்சிகையில் வெளிவந்தது. முதற் தொகுதி 1977இலும், இரண்டாவது 1981இலும், மூன்றாவது 1986இலும் நூலுருப் பெற்றன. அதன் பின்னரும் 2003 வரை நாவல்கள் தொடர்ந்தன. எனினும் தொடரின் உயிர்நிலை முதல் மூன்று நூல்களிலேயே உள்ளது. ஆகவே இக்கட்டுரை அவற்றையே கருத்திற் கொள்கின்றது.

முதல் நூலின் ஆங்கிலத் தலைப்பிலே ‘சலூன்’ என்ற சொல் வருகின்றது. தமிழ்ப் பேச்சு வழக்கில் அச்சொல் முடிதிருத்தும் நிலையத்தைக் குறிக்கும். அமெரிக்க வழக்கிலோ அது மதுச்சாலை. நமது வழக்கிலுள்ள ‘தவறணை’ என்ற சொல்லே இதற்கு ஏற்றது. கலஹானின் இடம் ஆடம்பர மதுமண்டபம் அன்று. நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்ட் பகுதியில், ஒரு பெருந்தெருவை அண்டியுள்ள அயற்புறத் தவறணை அது. வருவோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவர். வீடும் அல்லாத, தொழிற்களமும் அல்லாத இத்தகைய இடங்களை அமெரிக்கச் சமூகவியலாளர் ரே ஓல்டன்பேர்க் 1989இல் வெளியிட்ட நூலில் ‘மூன்றாம் இடம்’ எனப் பெயரிட்டு ஆராய்ந்தார். அவ்வாய்வு வெளிவருவதற்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்னரே றொபின்சன் அத்தகைய ஓரிடத்தைக் கதைக்களமாக்கிவிட்டார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இவ்வகைக் கதைகளுக்கு ஒரு மரபு உண்டு. டன்சனிப் பிரபுவின் ஜோர்க்கன்ஸ், விஸ்கி வாங்கிக் கொடுப்போருக்கு நம்பவியலாப் பயணக்கதைகளைக் கூறும் ஒரு கழக உறுப்பினர்; அவரது முதற் தொகுதி 1931இல் வெளிவந்தது. ஸ்பிறேக் டி காம்ப், பிளெச்சர் பிறற் ஆகிய இருவரும் இணைந்தெழுதிய கவகன் மதுச்சாலைக் கதைகள் 1953இல் நூலாயின. 1957இல் ஆர்தர் சி. கிளார்க்கின் ‘வைற் ஹார்ட்’ கதைகள் வெளிவந்தன. கிளார்க் 1956 முதல் இலங்கையிற் குடியிருந்து, 2008இற் கொழும்பிலே காலமானவர். ஆயின் அவருடைய தவறணை இலண்டனுக்குரியது. விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளரும் வாசகரும் வாரந்தோறும் கூடிய, பெற்றர் லேனிலிருந்த ‘வைற் ஹோர்ஸ்’ என்னும் மதுச்சாலையே அதற்கு மூலம். அங்கே ஹரி பேர்விஸ் என்பவர் விஞ்ஞானப் புளுகுகளைச் சற்றும் முகம் மாறாது எடுத்துரைப்பார்.

கிளார்க்கின் தொகுதியில் முதலாவதாக அமைந்த கதை ஒப்புநோக்குக்குப் பெரிதும் பயன்படுவது. அதில் ஒருவர் ஒலியை விழுங்கும் கருவியொன்றைச் செய்கின்றார். கருவி இயங்கும் இடத்திற் பேரமைதி நிலவும். ஓர் இசைநாடக அரங்கேற்றத்தைக் குழப்புவதற்கு அது பயன்படுத்தப்படுகின்றது. பாடகர் வாயசைப்பர், ஒலி எழாது. ஆனால் விழுங்கப்பட்ட ஒலி எங்கே போயிற்று? சக்திக் காப்பு விதியின்படி அது அழிந்துவிட இயலாது. கருவிக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து ஈற்றில் அது வெடிக்கின்றது, ஆக்கியவரும் மாள்கின்றார். வாசகரைச் சிரிக்கவைப்பது பௌதிகவியல் விதியின் பிசகாத தர்க்கமே. இங்கு மனிதர் விதியை விளக்கும் உருக்களாக மட்டுமே நிற்கின்றனர். இறந்தவருக்காக வைற் ஹார்ட்டில் ஒருவரும் துக்கங் காப்பதில்லை.

றொபின்சனின் தொடரிலும் ஒரு காப்பு விதி உண்டு. ‘வேதனைக் காப்பு விதி’ என்ற பொருளில் ஒரு கதைக்கே அவர் தலைப்பிட்டுள்ளார். கிளார்க் ஒலியைப் பற்றிச் சொன்னதையே றொபின்சன் துயரைப் பற்றிச் சொல்கின்றார் எனலாம். விழுங்கப்பட்ட துயர் அழிவதில்லை. உள்ளே சேர்ந்து சேர்ந்து, சுமப்பவரையே சிதறடிக்கும். ஆனால் பலரிடையே பங்கிடப்படின் அதன் பாரம் தணியும் என்பதும், மகிழ்ச்சியோ பங்கிடப் பங்கிட வளரும் என்பதும் கலஹானின் தவறணையிற் கூடுவோரின் நம்பிக்கை. பௌதிகவியல் விதி இங்கு அறவியல் விதியாக மாறுகின்றது. தவறணைக் கதை மரபிலே றொபின்சன் செய்த மாற்றம் இதுவே.

இந்நம்பிக்கை வெறும் உபதேசமாக நில்லாது ஒரு நடைமுறையாக உருப்பெறுவது இக்கதைகளின் சிறப்பு. கலஹானின் இடத்தில் எம்மதுவுக்கும் விலை ஒன்றே. வாடிக்கையாளர் ஒரு டொலரை வைப்பார். கிண்ணத்தை முழுதாகத் திருப்பிக் கொடுத்தால், பெட்டியொன்றிலிருந்து ஐம்பது சதத்தைத் தாமே எடுத்துக்கொள்ளலாம். எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. கிண்ணத்தை உடைக்க விரும்புபவர் தரையில் வெண்கட்டியால் வரையப்பட்ட கோட்டில் நின்று, எதற்காகக் குடிக்கின்றார் என்பதை உரத்துக் கூறி, வெறுங் கிண்ணத்தைக் கணப்படுப்பினுள் வீசவேண்டும். அதன் பின்னர் அவர் பேச விரும்பின் அனைவரும் கேட்பர். பேச விரும்பாவிடின் எவரும் வினவார். துயரைச் சொல்வதற்கு ஒரு கோடும், ஒரு கிண்ணமும், ஐம்பது சதமும் போதுமென ஆகிவிடுகின்றது. சடங்குகளை இழந்துவந்த நகர்சார் சமூகமொன்றிற்கு ஆசிரியர் புதிய சடங்கொன்றை ஆக்கித் தருகின்றார்.

கதைசொல்லியான ஜேக் இசைக்கலைஞன். பணத்தை மிச்சம் பிடிக்கும் நோக்கில் தன் காரின் பிறேக்குகளைத் தானே திருத்தியவன். அவை செயலிழந்தமையால் மனைவியையும் மகளையும் இழந்தவன். இத்தகைய குற்றவுணர்வுக்கு ஆறுதல் மொழி எதுவும் ஈடாகாது. றொபின்சனும் ஈடு தேடவில்லை. அவனை மன்னிக்க அங்கே எவருக்கும் அதிகாரமில்லை. கேட்பதற்கு மட்டுமே அனைவரும் உளர். கேட்டலை ஒரு செயலாக ஆக்கியமையே முதற் தொகுதியின் பெறுபேறு.

முதற்கதை இதனைத் தெளிவாகக் காட்டும். ஹெரோயின் பழக்கத்தோடு போராடிய இளைஞன் ஒருவன் தன் கதையைக் கூறிய அதே இரவில், மிக்கி ஃபின் எனத் தன்னை அழைத்துக்கொள்ளும் நெடிய அந்நியன் ஒருவன் கோட்டருகே வருகின்றான். அவன் வேற்றுலக வல்லரசொன்றின் ஒற்றன். அவனது அறிக்கை குறித்த வேளையில் எசமானரைச் சென்றடையும்; சென்றடைந்தால் பூமி அழியும். மனிதரை அவன் விரும்பத் தொடங்கிவிட்டான். ஆயினும் தன்னுட் பதிக்கப்பட்ட கட்டளையை மீற அவனால் இயலாது. கட்டளையை மீறமுடியாதவன் உதவியை நேரடியாகக் கேட்கவும் முடியாது. கலஹான் அந்த மௌன வேண்டுகோளைப் புரிந்துகொண்டு, அவனது மதுவில் மயக்க மருந்தைக் கலந்துவிடுகின்றார். ஆங்கிலக் கொச்சை வழக்கில் ‘மிக்கி ஃபின்’ என்பது மயக்க மருந்து கலந்த மதுவுக்குப் பெயர். அந்நியன் சூடிய பெயரே அவனுக்கும் பூமிக்கும் மீட்பாகின்றது. பெரும்பாலான படையெடுப்புக் கதைகளில் ஆயுதங்கள் செய்யும் வேலையை இங்கு ஒரு சிலேடை செய்துமுடிக்கின்றது.

இத்தொடரிற் சிலேடை பெறும் இடம் தனித்து நோக்கத்தக்கது. காளமேகப் புலவரை அறிந்த தமிழ் வாசகருக்குச் சிலேடை என்பது புலமையின் வெற்றி, கேட்போர் வியப்பர். ஆங்கில மரபிலோ அது நகைச்சுவையின் கடைப்படியாகக் கருதப்படுவது, கேட்போர் முனகுவர். கலஹானின் இடத்தில் நடைபெறும் சிலேடைப் போட்டிகளில் டொக்டர் வெப்ஸ்ரர் என்னும் பருத்த உருவினரான மருத்துவர் முன்னிற்பவர். மருத்துவரும் தொழிலாளியும் ஒரே மேசையில் தாழ்ந்த நகைச்சுவையைச் சொல்லி முனகலை வாங்கிக்கொள்ளும்போது, ஒவ்வொருவரும் தத்தம் மதிப்பைச் சிறிது இழக்கின்றனர். மதிப்பை இழக்க அஞ்சாதோர் கூடிய இடத்திலேதான் ஒருவர் தம் தோல்வியையும் கூறமுடியும். ஆதலால் சிலேடை இக்கதைகளிற் புறத்தே ஒட்டிய அலங்காரமன்று. துயர் வெளிப்படுவதற்கான முன்னேற்பாடு எனலாம். மொழிபெயர்ப்பிற் பெரிதும் சேதமுறுவதும் இதுவே.

முதற் தொகுதியின் மிகச் சிறந்த கதை ‘காலப் பயணி’ என்னும் பொருள்பட்ட தலைப்பையுடையது. துப்பாக்கியுடன் கொள்ளையிட வந்த ஒருவர் பிடிபடுகின்றார். அவர் முன்னாட் கிறிஸ்தவ மதகுரு. இலத்தீன் அமெரிக்க நாடொன்றின் சிறையில் பத்தாண்டு காலம் அடைபட்டிருந்து, மனைவியை அங்கேயே இழந்து, விடுதலையாகி நாடு திரும்பியவர். அவர் இல்லாத காலத்தில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடி கொலையுண்டார் (1963). வியற்நாமுக்குப் பெரும்படை சென்றது. மனிதன் சந்திரனிற் கால்வைத்தான் (1969). உடுப்பும் பேச்சும் ஒழுக்கமும் மாறிவிட்டன. ஏனையோர் நாளொன்றாகக் கடந்து பழகிய பத்தாண்டுகளை அவர் ஒரே அடியிற் கடக்க நேர்ந்தது. இயந்திரம் எதுவுமில்லாத காலப் பயணம் இது. விஞ்ஞானப் புனைகதையின் பழகிப்போன உத்தியொன்றைச் சிறையிலிருந்து மீண்ட மனிதரின் உண்மை நிலையாக ஆசிரியர் மாற்றிக் காட்டுகின்றார். இக்கதையை வைத்துக்கொண்டு விஞ்ஞானப் புனைகதை யதார்த்தத்தினின்று தப்பியோடுகின்றதென வாதிடல் அரிது. சிறைகளிலிருந்து பிந்தி மீள்வோரைக் கண்ட எந்த நாட்டின் வாசகருக்கும் இது அந்நியமான கதையன்று. தவறணையிலுள்ளோர் அவருக்கு இரக்கச் சொற்களோடு நின்றுவிடுவதில்லை. கலஹான் அவருக்கு வேலை கொடுக்கின்றார்.

எனினும் இதே கதையிலே தொடரின் எல்லையும் புலப்படுகின்றது. அச்சிறையைக் கட்டியவர் யாவர், அவ்வாட்சியைத் தாங்கிநின்ற நலன்கள் யாவை என்ற வினாக்கள் மதுமேசையை எட்டுவதில்லை. துயர் தனிமனிதரிடமிருந்து வருகின்றது, தனிமனிதருக்கே திரும்புகின்றது. காரணங்களை ஆராயாத பரிவு, காயத்தைக் கழுவி அடுத்த காயத்துக்குக் காத்திருக்கும். ஹெரோயினை நஞ்சாகவும் விஸ்கியை மருந்தாகவும் முதற்கதை காட்டுவதும் விமர்சனத்துக்குரியது. தவறணையால் அழிந்த குடும்பங்களை அறிந்த வாசகர் இதனை எளிதில் ஏற்கமாட்டார். முதற் தொகுதியின் மேசையைச் சூழ்ந்திருப்போர் பெரும்பாலும் ஆடவரே என்பதும், ஆறாத துயர் ஓர் இரவுக்குள் ஆறிவிடுவதும் குறைகளே.

இவற்றினும் பெரிய குறை மூன்றாவது நூலின் முடிவில் உள்ளது. அங்கே ஃபின்னின் எசமானன் பூமிக்கு வருகின்றான். தவறணையிலுள்ளோர் மனங்கள் ஒன்றோடொன்று கலந்து அவனை எதிர்க்கின்றனர். அணுகுண்டு வெடிப்பில் தவறணையே அழிகின்றது. கலஹான் எதிர்காலத்திலிருந்து வந்தவர் என்ற உண்மையும் வெளியாகின்றது. கதைப்பின்னல் என்ற வகையில் இது விறுவிறுப்பானதே. ஆனால் இதன் விளைவை நோக்கவேண்டும். முதற்கதையில் ஒற்றனின் மௌனத்தைப் புரிந்துகொண்டவர், சாதாரண மனிதர் ஒருவர் என்றே வாசகர் நம்பியிருந்தார். மேலான காலத்திலிருந்து வந்தவருக்கு இரக்கம் எளிது. லோங் ஐலண்டின் தெருவோரத்தில் மது விற்கும் ஒருவருக்கு அது எளிதன்று; எளிதல்லாதபடியாலேயே அது மதிப்புடையதாயிற்று. மனங்கள் தாமாகக் கலந்துவிடுமாயின் வெண்கட்டிக் கோடும், உரத்துக் கூறலும், பொறுமையோடு கேட்டலும் வேண்டாதனவாகிவிடும். தான் ஆக்கிய சடங்கின் அருமையை ஆசிரியரே அற்புதத்தினால் மலிவாக்கிவிட்டார்.

ஆகவே இக்கதைகளை மதிப்பிடும் வாசகர், அவற்றின் அற்புதங்களையும் அவற்றின் மனிதரையும் பிரித்தறிதல் வேண்டும். வேற்றுலக ஒற்றர்களும் காலப் பயணிகளும் காலப்போக்கிற் பழமைப்பட்டுவிடுவர். சொல்வதற்கு ஒருவருக்கு ஓரிடமும், அதனைக் கேட்பதற்குச் சிலரும், இரண்டுக்கும் இடையே வெட்கத்தைக் கரைப்பதற்குச் சிறிது சிரிப்பும் வேண்டும் என்ற றொபின்சனின் கண்டறிவு அவ்வாறு பழமைப்படுவதன்று. அக்கூடல் நிகழும் இடம் தவறணையாகத்தான் இருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. சமூகத்தின் துயருக்குக் காரணங்களைத் தேடுவது விமர்சனத்தின் கடமை. ஆனால் காரணம் கண்டறியப்படும் வரையிலும் துயருறுவோர் பேசாதிருக்கவேண்டும் என எவரும் விதிக்கவியலாது. இடைப்பட்ட அக்காலத்துக்குரிய இலக்கியமாகக் கலஹானின் முதற் தொகுதியைக் கொள்ளின், அதற்குரிய இடம் நகைச்சுவைக்கும் விஞ்ஞானப் புனைகதைக்கும் வழமையாக ஒதுக்கப்படும் இடத்தினும் உயர்ந்தது என்பது தெளிவாகும்.