நிலாவிடம் மணி கேட்டேன்

இந்த வித்தையைப் பழகியதிலிருந்து யார் சிக்கினாலும் இதைத்தான் பேசுகிறேன். நடுக்கடலில், சரியான கடிகாரம் எதுவுமே இல்லாமல், நிலாவை வைத்துக் கிரீன்விச் நேரத்தைக் கண்டுபிடித்துவிடலாம்! நாம் இருக்கும் இடத்து நேரத்தைச் சூரியனோ நட்சத்திரமோ தன் உயரத்தால் சொல்லிவிடும். இரண்டுக்கும் ஒரு மணி வித்தியாசம் என்றால் 15 பாகை. தீர்க்கரேகை கையில்.

எனக்குச் சரக்குக் கப்பலில் வேலை. இயக்க அறையான பிரிட்ஜில் உள்ள திரைகள் கப்பல் நிற்கும் இடத்தை மீட்டர் சுத்தமாகக் காட்டும். இருந்தாலும் என் வாட்ச் வேலை முடிந்ததும், கோணம் அளக்கும் செக்ஸ்டன்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓடிவிடுகிறேன்.

சந்திரன் நாளுக்கு ஒரு நட்சத்திரம் தாண்டும் என்பது பஞ்சாங்கம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். மணிக்கு அரை பாகை, கிட்டத்தட்டத் தன் அகலம் அளவுக்கு நகர்கிறது. ஆகவே ஒரு நட்சத்திரத்துக்கும் அதற்கும் உள்ள கோணத்தை அளந்தால் மணி தெரியும். எந்தக் கிரீன்விச் நேரத்தில் எந்தக் கோணம் என்று பட்டியலிட்ட பழைய நாட்டிகல் அல்மனாக் இதற்கென்று பொறுக்கியெடுத்த நட்சத்திரங்களில் ரோகிணி, மகம், சித்திரை, கேட்டை எல்லாம் உண்டு. வீட்டில் கேட்டு வளர்ந்த பெயர்களைக் கருவியில் பிடிக்கும்போது எனக்குப் புல்லரிக்கிறது.

இலங்கைக்குத் தெற்கே ஓர் அந்தியில் சித்திரையைப் பிடித்தேன். செக்ஸ்டன்ட்டைச் சாய்த்து, தொலைநோக்கியில் நட்சத்திரத்தை நேராகப் பார்த்தபடி கோணத்தை மாற்றும் டிரம்மைத் திருகினால், கண்ணாடியில் நிலா வழுக்கிக்கொண்டு வருகிறது. கையை லேசாக ஆட்டி ஆட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கணத்தில் நட்சத்திரம் நிலாவின் விளிம்பில் மூக்குத்தியாக ஒட்டி நிற்கும். அந்தக் கணத்துக்காகவே கப்பலுக்கு வரலாம்! பாகையில் அறுபதில் ஒரு பங்கு பிசகினால் நேரத்தில் இரண்டு நிமிடம் போய்விடும். நிலநடுக்கோட்டுப் பக்கம் அது 30 கடல் மைல். அன்று என் கணக்குக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் 12 மைல்தான் வித்தியாசம். நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

இதன் உயிரே திருத்தக் கணக்கில் இருக்கிறது. அல்மனாக் சொல்வது பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் தெரியும் நிலாவை. நாம் நிற்பதோ மேற்பரப்பில். நிலா அவ்வளவு பக்கத்தில் இருப்பதால், அடிவானத்தருகே ஏறக்குறைய ஒரு பாகை இறங்கித் தெரியும். இரண்டு நிலா அகலம்! போதாததற்குக் காற்று மண்டலம் ஒளியை வளைத்து எல்லாவற்றையும் சற்றே தூக்கிக் காட்டும். நிலா, நட்சத்திரம் இரண்டின் உயரத்தையும் அளந்து, கோள முக்கோணம் போட்டு இந்த இரண்டு மாயத்தையும் கழிக்க வேண்டும். நான் பென்சிலால்தான் போடுவேன். பூமியின் பருமன் என் நோட்டில் ஒரு வரியாக வந்து உட்காருவதைப் பார்க்க அத்தனை ஆனந்தம்!

இந்த முறை வந்த ஆரம்பத்தில் மாலுமிகளுக்கு இந்தக் கணக்குக்குச் சுமார் நான்கு மணி நேரம் பிடித்தது. வானியலாளர் டோபியாஸ் மேயர் கட்டிய நிலா அட்டவணைகளை வைத்து, இன்னொரு வானியலாளரான நெவில் மாஸ்கலின் கோணங்களை முன்கூட்டியே கணக்கிட்டு 1767ஆம் ஆண்டுக்கான அல்மனாக்கை அச்சிட்டார். வேலை அரை மணி நேரமாகச் சுருங்கியது. மேயர் அதைப் பார்க்கவில்லை. 1762இல் 39 வயதிலேயே போய்விட்டார். தீர்க்கரேகை காணும் வழிக்கான பரிசுப் பணம் 3,000 பவுண்டு அவர் மனைவிக்குத்தான் போனது. கடலோடி குக்கும் வானியலாளர் சார்லஸ் கிரீனும் எண்டெவர் கப்பலில் குரோனோமீட்டர் என்ற துல்லியக் கடிகாரமே இல்லாமல் இந்த முறையில்தான் தீர்க்கரேகை கண்டார்கள். நியூசிலாந்துக் கரையை வரைந்ததும் அந்தப் பயணத்தில்தான்.

ஜோஷுவா ஸ்லோகம் இன்னும் ஒரு படி மேல். 1890களில் ஸ்ப்ரே என்ற படகில் தன்னந்தனியாக உலகைச் சுற்றியவர். பசிபிக் கடலில் மார்க்கெசஸ் தீவுகளை நெருங்கும்போது நிலாவை அளந்தார். விடை நூற்றுக்கணக்கான மைல் தள்ளி வந்தது. மறுபடி அளந்தார், அதே விடை. தன் கண்ணைச் சந்தேகிக்காமல் அச்சிட்ட அட்டவணையைச் சந்தேகித்தார். பிழை அதில்தான் இருந்தது!

செக்ஸ்டன்ட் கைக்குக் கிடைத்தால் சூரியனிலிருந்து தொடங்குங்கள். வளர்பிறை அரைநிலா நாளின் பிற்பகலில் இரண்டும் மேலே நிற்கும், அடிவானமும் பளிச்சென்று தெரியும். கறுப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சூரியனை இறக்கி, நிலாவின் ஒளிவிளிம்பில் தொடவிட்டுப் பாருங்கள்.