இறந்தோர்க்கான ஞானஸ்நானம்: மோர்மன் சடங்கொன்றின் அறவியல் பற்றிய ஒரு நோக்கு

இறந்தோர் பொருட்டு உயிருள்ளோர் ஞானஸ்நானம் பெறும் வழக்கம் இன்று பேரளவில் நிலவுவது, பொதுவாக மோர்மன் சபை என வழங்கும் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையிடத்தேயாகும். இச்சபையின் கோயில்களில், பன்னிரண்டு எருதுகளின் சிலைகள் தாங்கி நிற்கும் தொட்டியிலே, பெரும்பாலும் இளவயதினர், இறந்துபோன ஒருவரின் பெயரால் நீரில் அமிழ்த்தப்படுகின்றனர். ஒரு பெயர் வாசிக்கப்படும். பதிலாள் மூழ்கி எழுவார். அடுத்த பெயர் வாசிக்கப்படும். இச்சடங்கினைப் பற்றி எழுந்த வாதங்களிற் பெரும்பாலானவை, இது மறுமையிற் பயன் தருமா தராதா என்ற வினாவையே சுற்றிச் சுழன்றுள்ளன. அறவியல் நோக்கில் அது இரண்டாந்தர வினாவேயாகும். ஒருவரின் பெயரால் ஒரு செயலைச் செய்வதற்கான உரிமை எங்கிருந்து பெறப்படுகின்றது என்பதே முதலில் எழுப்பப்பட வேண்டியது.

சடங்கின் தோற்றத்தை நோக்குமிடத்து அதனை எள்ளி ஒதுக்குதல் இயலாது. 1830இல் நியூ யோர்க் மாநிலத்திலே இச்சபையை நிறுவிய யோசேப் ஸ்மித்தின் மூத்த சகோதரர் அல்வின், 1823இல் ஞானஸ்நானம் பெறாமலே இறந்தார். அவர் நரகஞ் சென்றிருப்பார் என்ற குறிப்பு அடக்க ஆராதனையிலே போதகரின் பேச்சில் தொனித்தது எனக் குடும்பத்தவர் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். 1840 ஆகஸ்ட் 15இல், இலினோய் மாநிலத்து நோவூ நகரில் நடைபெற்ற மற்றொரு மரணச் சடங்கின்போதே ஸ்மித் இப்போதனையை முதன்முதலாக வெளியிட்டார். கொரிந்தியருக்குப் பவுல் எழுதிய முதலாம் நிருபத்தின் பதினைந்தாம் அதிகாரத்தில், இறந்தோர்க்காக ஞானஸ்நானம் பெறுவோர் பற்றி வரும் ஒற்றை வரியை அவர் ஆதாரமாகக் கொண்டார். அதன்பின் மிசிசிப்பி ஆற்றிலே மக்கள் தம் பெற்றோர்க்காகவும் பிள்ளைகளுக்காகவும் உடன்பிறந்தோர்க்காகவும் மூழ்கலாயினர்.

கேள்விப்படாத ஒன்றை ஏற்கவில்லை என்பதற்காக ஒருவரை இறைவன் தண்டிப்பானா என்பது கிறித்தவ சிந்தனையை நெடுங்காலம் வருத்திய வினா. தாந்தே தம் வழிகாட்டியான வேர்ஜிலையே நரகத்தின் முதல் வட்டத்தில் வைக்க நேர்ந்தது அவ்வினாவின் காரணமாகவேயாம். அந்த இறுக்கத்தோடு ஒப்பிடும்போது நோவூ மக்களின் விடை பரந்த மனமுடையது. செத்தவனைக் கைவிட மறுக்கும் அன்பு அதில் உள்ளது.

ஆயினும் பதிலாள் பற்றிய ஐயம் பழையது. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த யோவான் கிறிசோஸ்தோம், மார்சியன் வழியினரின் வழக்கமொன்றை ஏளனத்துடன் விவரிக்கின்றார். ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகி வந்த ஒருவர் அதைப் பெறுமுன் இறந்துவிடின், உயிருள்ள ஒருவரைப் பிணக்கட்டிலின் கீழ் ஒளித்துவைப்பர். பின் பிணத்தை அணுகி, ஞானஸ்நானம் பெற விருப்பமா என வினவுவர். கட்டிலின் கீழிருந்து விடை வரும். பகைவர் எழுதியது என்பதால் இதனைச் சற்று ஐயத்துடனேயே ஏற்க வேண்டும். ஆயின் இதிற் கவனிக்கத்தக்கன இரண்டு. அங்கு இறந்தவர் வாழுங்காலத்திலேயே அச்சடங்கை விரும்பியவர். அப்படியிருந்தும் அவரிடமிருந்து ஒரு விடை வேண்டும் என அம்மக்கள் கருதினர். இசைவின்றிச் செய்வது தகாது என்ற உணர்வே அந்த நகைப்பிற்கிடமான நாடகத்தைத் தோற்றுவித்தது எனலாம்.

மோர்மன் சபையார் அத்தகைய நாடகமெதனையும் ஆடுவதில்லை. ஆன்ம உலகில் இறந்தவர் இச்சடங்கை ஏற்கவும் மறுக்கவுஞ் சுதந்திரமுடையவர் என்றும், இது வற்புறுத்தலன்று, ஒரு வாய்ப்பே என்றும், அவர்தம் பெயர் உறுப்பினர் தொகையிற் சேர்க்கப்படுவதில்லை என்றும் அவர்கள் கூறுவர். இவ்விளக்கம் நேர்மையானதே. ஆனால் வாய்ப்பு அளித்தல் என்னும் சொல், மறுப்பதற்கு இடமுண்டு என்பதோடு அம்மறுப்பு கேட்கப்படும் என்பதையும் உட்கொண்டது. இங்கு மறுப்பு ஒருபோதும் இவ்வுலகை வந்தடைவதில்லை. வந்தடையாத மறுப்புக்கும் வழங்கப்பட்ட சம்மதத்திற்கும் ஏட்டில் வேறுபாடு இல்லை. இரண்டின் எதிரிலும் சடங்கு நிறைவேறிய நாள் மட்டுமே எழுதப்பட்டிருக்கும்.

துயரத்தில் பிறந்த இச்சடங்கு பதிவேட்டுப் பணியாக மாறிய வரலாறு தனியாக நோக்கத்தக்கது. 1877இல் யூட்டாவின் சென் ஜோர்ஜ் கோயிலில் வில்போர்ட் வூட்ரவ், அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தில் ஒப்பமிட்டோர் முதலான புகழ்பெற்றோர்க்கு இச்சடங்கை நிறைவேற்றினார். அண்ணனுக்காக அழுத தம்பியின் இடத்திலே, வரலாற்று மாந்தரைத் தேர்ந்தெடுக்கும் ஒருவர் வந்து நிற்பதை இங்கு காண்கிறோம். 1894இல் யூட்டா வம்சாவளிச் சங்கம் தோன்றிற்று. 1938 முதல் பல நாடுகளின் பிறப்பு, விவாக, மரணப் பதிவேடுகள் நுண்படச் சுருள்களிற் பதியப்பட்டன. சோல்ற் லேக் நகருக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து அமைத்த காப்பகத்தில் அவை பேணப்படுகின்றன. வரலாற்று மாணவர்க்கு இது பெருங்கொடை என்பதில் ஐயமில்லை. ஆனால் பதிவேட்டிலிருந்து பெயர் பெறுபவருக்கு, அப்பெயர்க்குரியவர் யாருடைய மகன், எதை நம்பி வாழ்ந்தவர், எவ்வாறு இறந்தவர் என்பவை அறிய வேண்டாதனவாகிவிடுகின்றன.

இதன் விளைவு 1990களில் வெளிப்பட்டது. நாசிகளாற் கொல்லப்பட்ட யூதருள் ஏறத்தாழ 380,000 பேரின் பெயர்கள் இச்சடங்குக்கு உட்படுத்தப்பட்டிருந்தமை தெரியவந்தது. அவற்றுட் பல, அம்மக்களின் நினைவேடுகளிலிருந்தே எடுக்கப்பட்டவை. அவுஸ்விற்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பிய ஏர்னஸ்ற் மைக்கேல், அங்கு கொல்லப்பட்ட தம் பெற்றோரின் பெயர்களும் அவ்வாறு பயன்படுத்தப்பட்டிருக்கக் கண்டார். அவர் முன்னின்று நடத்திய பேச்சுவார்த்தையின் பயனாக, நேரடி மூதாதையர் நீங்கலாக அத்தகையோர்க்குச் சடங்கு செய்வதில்லை எனச் சபை 1995இல் இணங்கிற்று. இணக்கம் முழுமையாகப் பேணப்படவில்லை. 2012இல் சைமன் வீசந்தாலின் பெற்றோர்க்கும் ஆன் பிராங் என்ற சிறுமிக்கும் சடங்கு நடைபெற்ற செய்திகள் வெளியாயின. சபை மன்னிப்புக் கோரி, தம் சொந்த முன்னோரின் பெயர்களையே அளிக்க வேண்டுமென உறுப்பினரை எழுத்துமூலம் மீண்டும் பணித்தது.

பயனற்ற சடங்கினால் யாருக்கு என்ன தீங்கு என வினவுவோர் உளர். இறப்பு நமக்கு ஒரு பொருட்டன்று எனக் கொண்ட எப்பிக்கூரஸ் இவர்களுக்குத் துணையாவார். அரிஸ்டோட்டிலோ, இறந்தவர்க்கு நிகழும் சிறப்பும் இழிவும் அவரைச் சிறிதேனும் தொடுமா என்ற வினாவை இலகுவிற் கைவிடவில்லை. 1984இல் ஜோயல் பைன்பேர்க், ஒருவரின் சில நலன்கள் அவர் இறந்த பின்னும் எஞ்சி நிற்பன என்று வாதித்தார். இறுதி விருப்ப ஆவணத்தை நாம் மதிப்பதும் இறந்தவர் மீதான அவதூறை வெறுப்பதும் இக்கருத்தை வலியுறுத்துவன. கொல்லப்பட்ட யூதரைப் பொறுத்தவரை அந்த நலன் எது என்பதைத் தேடவேண்டியதில்லை. அவர்கள் கொல்லப்பட்டது யூதராயிருந்தமைக்காக. அவர்களிற் பலர்க்குக் கல்லறையுமில்லை, பெயரொன்றே எஞ்சியது. ஜெருசலேமிலுள்ள யாட் வஷெம் நிறுவனம் உறவினரிடமிருந்து சாட்சிப் பத்திரங்களைப் பெற்றுப் பெயர்களைத் திரட்டி வருவதும் இதனாலேயே. யூட்டாவும் ஜெருசலேமும் பெயர்களைத் தேடுகின்றன. ஒன்று பெயரை உள்ளவாறே வைத்துக்கொள்ளத் தேடுகின்றது; மற்றது அப்பெயரால் ஒன்றைச் செய்து முடிக்கத் தேடுகின்றது.

மேலும் ஞானஸ்நானம் என்பது யூத மக்களின் நினைவில் வெறும் நீரன்று. 1497இல் போர்த்துக்கலில் அவர்கள் கூட்டங்கூட்டமாக வலிந்து ஞானஸ்நானம் பெறச் செய்யப்பட்டனர். 1858இல் பொலோஞாவில், நோயுற்ற குழந்தையாயிருந்தபோது பணிப்பெண் இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்தாள் என்ற காரணத்தால், ஆறு வயதுச் சிறுவன் எட்கார்டோ மோர்த்தாராவைப் பாப்பரசின் காவலர் பெற்றோரிடமிருந்து பறித்துச் சென்றனர். அப்பணிப்பெண்ணும் நல்லெண்ணத்துடனேயே செய்திருக்கலாம். மோர்மன் சடங்கு எவரையும் பறித்துச் செல்வதில்லை என்பது உண்மை. இவ்விரண்டையும் ஒரு தட்டில் வைப்பது நியாயமாகாது. ஆனால் நல்லெண்ணம் என்ற ஒன்றை மட்டுங் காட்டி வாதிடுவோர் இவ்வரலாற்றை எதிர்கொண்டே ஆகவேண்டும்.

எதிர்ப்பாளரிடமும் ஒரு வினா உண்டு. பிற சமயத்தவரின் ஆன்மாவுக்காக மன்றாடும் பிரார்த்தனைகள் பல மதங்களில் உள்ளன, அவையுங் குற்றமோ? குற்றமெனக் கூறுதல் மிகையாகும். மன்றாடுபவர் தம் குரலிலே பேசுகின்றார், இன்னொருவருக்காக வேண்டுகின்றார். பதிலாளோ அந்த இன்னொருவராகவே நீரினுள் இறங்குகின்றார். எவர் சார்பிற் செயற்படுகின்றோமோ அவரிடமிருந்தே அதிகாரம் பெறப்படல் வேண்டும் என்பது சட்டத்துறையிலும் அன்றாட வாழ்விலும் ஏற்கப்பட்ட நெறி. மறுபுறத்தில், எதிர்ப்பு யாவும் ஒரே தரத்தனவுமல்ல. 2008இல் வத்திக்கான், பங்குப் பதிவேடுகளை யூட்டா வம்சாவளிச் சங்கத்துக்கு வழங்கலாகாதென ஆயர்களைப் பணித்ததில் தன் மந்தையைக் காக்கும் கவலையோடு கோட்பாட்டுப் பகைமையுங் கலந்திருந்தது. இதற்கு மாறாக, சுவீடனின் லுத்தரன் ஆயர் கிறிஸ்டர் ஸ்ரெந்தால், 1985இல் ஸ்டொக்ஹோமில் மோர்மன் கோயில் திறக்கப்பட எதிர்ப்பெழுந்த வேளையில், பிறர் சமயத்தில் நாம் புனிதமாகப் பொறாமைப்படத்தக்க ஏதேனுமொன்றுக்கு இடம்விட வேண்டுமெனக் கூறினார். இறந்தோர்க்கான இச்சடங்கிலேயே அவர் அத்தகைய சிறப்பைக் கண்டார். உறவினர் உறவினர்க்குச் செய்யுமளவில் அவர் கண்டது பொருந்துவதே.

சபையின் விதிகளே இவ்வெல்லையை ஓரளவு ஒப்புக்கொள்கின்றன. கடந்த 110 ஆண்டுகளுக்குட் பிறந்த ஒருவருக்குச் சடங்கு செய்ய, உயிருள்ள மிக நெருங்கிய உறவினரின் அனுமதி வேண்டும் என்பது விதி. அனுமதி பெறவேண்டியது என்றால், பெயர் யாருக்கும் உரியதாகாத பொதுப்பொருள் அன்று என்பது பெறப்படும். ஆனால் குடும்பங்கள் அடியோடு அழிக்கப்பட்ட இடத்தில் அனுமதி கேட்கப்படத்தக்கவர் யார்? பாதுகாப்பு மிகத் தேவைப்படும் இடத்திலேயே விதி ஆளற்றுப் போகின்றது. ஆன் பிராங் 1929 யூன் மாதத்திற் பிறந்தவர். 2039இல் அந்த 110 ஆண்டுகளும் கழிந்துவிடும். அதன்பின் அவர் பெயருக்குக் காவலாய் எஞ்சுவது 1995இன் இணக்கம் மட்டுமே.